அந்தப் புட்டிகளை எங்கே வைப்பது?



நம் ஆஸ்பத்திரியைப் பல வருடங்களாகத் தாங்கி வருகிற ஒரு தாயார், இங்கிலாந்தில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் எங்களைப் பார்க்க வந்தார்கள். நலம் விசாரித்து முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "டாக்டர், என் மகன் சனிக்கிழமை ராத்திரியானால் சமையலறையில் சின்னத் தராசை வைத்துக்கொண்டு என்னவோ கலக்குகிறான். சிகரெட்டை விட்டுவிட்டேன் அம்மா, இது வேப் திரவம் என்கிறான். ஒரு புட்டி பிரிட்ஜிலேயே இருக்கிறது, பால் பக்கத்தில். பேரனுக்கு இரண்டு வயது. நான் அவனிடம் என்ன சொல்லட்டும்?"

இந்தக் கேள்வி அவர்கள் ஒருவருடையது மட்டும் அல்ல. நம் சபைக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் நர்சுகளாகவும் கணினி வேலைக்கும் வெளிநாடு போயிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தாயாருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். இந்தியாவில் 2019 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டமும், அதே வருடம் டிசம்பரில் அதற்கு ஈடாகப் பாராளுமன்றச் சட்டமும் வந்து, மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய எல்லாவற்றையும் தடை செய்தன. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெட்டியில் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. வயது வந்தவர்கள் கடையில் வாங்கலாம். புகை பிடிப்பவர்கள் சிகரெட்டை விடுவதற்கு உதவியாக அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே இதைச் சிபாரிசு செய்கிறது. 2023-ல் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுப்பதாக ஒரு திட்டத்தையும் அறிவித்தது. சிகரெட்டைவிடத் தீங்கு மிகவும் குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல, புகை பிடிக்காதவர் தொடங்கக்கூடாது என்பது அவர்களுடைய நிலை. ஆகவே மகன் அங்கே குற்றம் ஒன்றும் செய்யவில்லை. சிகரெட்டை விட்டது நல்ல காரியம்தான். பேச்சைத் தொடங்கும்போது அதை முதலில் சொல்லுங்கள் என்றோம். தாயாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரி, அந்தப் புட்டிகளில் என்ன இருக்கிறது? நாலே சரக்குதான். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் என்ற இரண்டு நிறமற்ற திரவங்கள், வாசனைக்கு எசென்ஸ், கடைசியாக நிகோடின். முதல் இரண்டும்தான் திரவத்தின் பெரும்பகுதி. சூடான கம்பிச் சுருளில் பட்டு வெண்புகைபோல் எழும்புவது இவைதான். சிலர் இரண்டையும் சரிபாதியாகச் சேர்ப்பார்கள், சிலர் கிளிசரினை எழுபது பங்காக வைப்பார்கள்.

வீட்டில் ஏன் கலக்க வேண்டும் என்றால், பிரதான காரணம் செலவு. கடையில் பத்து மில்லி வாங்குகிற காசில் வீட்டில் பல மடங்கு கலந்துவிடலாம். அங்குள்ள சட்டமும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு விதத்தில் வழி செய்தது. 2016-ல் வந்த விதிகளின்படி நிகோடின் சேர்ந்த திரவத்தை 10 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் விற்கக்கூடாது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது. நிகோடின் இல்லாத திரவத்துக்கு அந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வியாபாரிகள் 60 மில்லி புட்டியில் 50 மில்லி வாசனைத் திரவத்தை மட்டும் ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்குகிறவர் மில்லிக்கு 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லி நிகோடினைத் தனியாக வாங்கி அதில் ஊற்றிக் குலுக்கினால், மில்லிக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவம் தயார். இப்படி ஊற்றிக் குலுக்கப் பழகியவர்களில் சிலர் அடுத்த படிக்குப் போய், நாலு சரக்கையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். மகனும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்.

இனி நிகோடினைப் பற்றிச் சொல்ல வேண்டும். புகையிலையிலிருந்து அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தைச் சேர்ந்த இருவர், வருடம் 1828. அடுத்த கால் நூற்றாண்டுக்குள்ளேயே பெல்ஜியத்தில் ஒரு பிரபு வீட்டிலேயே புகையிலையைக் காய்ச்சி நிகோடின் எடுத்து, சொத்துக்காகத் தன் மைத்துனனைக் கொன்றான். சடலத்தில் அந்த விஷம் இருப்பதை ஸ்டாஸ் என்ற வேதியியலார் கண்டுபிடித்துக் காட்டியதால் 1851-ல் அவனுக்குத் தலை போயிற்று. பின்னால் வெகுகாலம் செடிப்பூச்சிகளைக் கொல்லுகிற மருந்தாக நிகோடின் கடைகளில் விற்றது.

அது வாய் வழியாக மட்டும் போவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தோல் வழியாகவும் ஏறும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கிற தொழிலாளருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். 1933-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவத்தை டாக்டர்கள் இன்றும் சொல்வதுண்டு. பூ வியாபாரி ஒருவர், பூச்சிக்கு அடிக்கிற நிகோடின் மருந்து சிந்திக் கிடந்த நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். உடை நனைந்தது. கால் மணி நேரத்தில் குமட்டலும் மயக்கமும் மூச்சுத் திணறலும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் தேறிவிட்டார். வீட்டுக்குப் போகிற அன்று, காகிதப் பையில் போட்டு வைத்திருந்த அதே உடையை எடுத்து உடுத்திக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் அதே நோய்! அது 40 சதவீதக் கரைசல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக் கடையில் விற்பது அதிகபட்சம் 2 சதவீதம். ஆனால் அமெரிக்காவில் வீட்டில் கலப்பவர்களுக்கென்று 10 சதவீதக் கரைசல், அதாவது மில்லிக்கு 100 மில்லிகிராம், பெரிய புட்டிகளில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. அதை எங்கிருந்தாவது வரவழைத்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

எவ்வளவு உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து? பழைய பாடப்புத்தகங்கள் பெரியவர்களுக்கு 60 மில்லிகிராம் என்று எழுதின. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பெர்ன்ட் மாயர் 2014-ல் அந்த எண்ணின் மூலத்தைத் தேடிப்போய், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தங்கள்மேலேயே செய்துகொண்ட சந்தேகமான பரிசோதனைகளிலிருந்து வந்தது என்று காட்டினார். உண்மையான அளவு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும் என்பது அவர் கணக்கு; உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஆறரை மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது. வேப் பிடிக்கிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடைவதுண்டு. ஆனால் அந்தக் கணக்கையே பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேரனுக்குப் போட்டுப் பாருங்கள். 78 மில்லிகிராம் வருகிறது. 2 சதவீதப் புட்டியில் அது ஒரு தேக்கரண்டி நிறையாது. 10 சதவீதப் புட்டியில் ஒரு மில்லிகூட ஆகாது. நோய் காண்பதற்கோ இதிலும் மிகக் குறைவான அளவே போதும்.

இப்படி நேர்ந்தும் இருக்கிறது. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறு குழந்தை நிகோடின் திரவம் உள்ளே போனதால் இறந்தது. 2016 ஜனவரியில், அந்தப் புட்டிகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று அந்த நாட்டில் சட்டம் கையெழுத்தானது. இங்கிலாந்திலும் அதே வருட விதிகளில் அப்படிப்பட்ட மூடி கேட்கப்படுகிறது. ஆனால் மூடி என்பது புட்டி முதன்முதலில் வந்த நிலையில் இருக்கும் வரைதான். வீட்டில் கலப்பவர் பெரிய புட்டியிலிருந்து சின்னப் புட்டிக்கு மாற்றுவார், அதிலிருந்து சொட்டுப் புட்டிக்கு மாற்றுவார். கண் மருந்துப் புட்டி போலவே இருப்பதால், அதை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்தி வந்திருக்கிறது.

இப்போது தாயார் கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அதை ஏன் பிரிட்ஜில் வைக்கிறார்? அது சோம்பலால் அல்ல. வெளிச்சமும் காற்றும் சூடும் பட்டால் நிகோடின் கெட்டுப்போகிறது. நிறமற்ற திரவம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நெடி அடிக்கத் தொடங்கும். ஆகவே அதைக் கருநிறக் கண்ணாடிப் புட்டியில், கழுத்து வரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது கலக்கிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்தி. வெகுநாள் வைக்கிறவர்கள் பிரிட்ஜின் உறைபெட்டியிலேயே வைக்கிறார்கள். கிளைக்காலில் கரைந்த நிகோடின் அங்கே கட்டியாகாது. சரக்கைப் பொறுத்தவரையில் இது சரியான புத்திதான். ஆனால் ஒரு வீட்டில் குழந்தை நாளுக்குப் பத்துத் தரம் திறக்கிற கதவு எது? பிரிட்ஜ் கதவுதான். அங்கே இருப்பதெல்லாம் சாப்பிடுகிற பொருள் என்பது இரண்டு வயதிலேயே அதற்குத் தெரியும். வாசனை சேர்த்த பிறகோ அது மாம்பழமும் ஸ்டிராபெரியுமாய் மணக்கிறது. நிகோடினுக்கு மிக நல்ல இடம் எதுவோ அதுவே குழந்தைக்கு மிக மோசமான இடமாக இருக்கிறது. எல்லா ஜாக்கிரதையும் படித்துத் தெரிந்துகொண்ட தகப்பனாருக்கும் இது தோன்றாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கலந்த திரவத்தை உடனே உபயோகிப்பதில்லை. ஊறுகாய் போல இரண்டு மூன்று வாரம் அலமாரியில் ஊறவைப்பார்கள். அதனால் வீட்டில் எந்த நாளிலும் ஏழெட்டுப் புட்டிகள் இருக்கும். வாரம் ஒரு புட்டி வாங்குகிறவர் வீட்டில் அந்த நெருக்கடி இல்லை.

கிளிசரினும் கிளைக்காலும் இந்த விதத்தில் சாதுவானவை. இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுக மூடி, வெயில் படாமல் வைத்தால் போதும். இவற்றின் ஆபத்து வைக்கிற இடத்தில் அல்ல, வாங்குகிற இடத்தில் இருக்கிறது. இதைப் பேச எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அதிக உரிமை உண்டு. ஏனென்றால் இருமல் மருந்து முதலிய திரவ மருந்துகளுக்கும் அடிப்படை இதே இரண்டு சரக்குகள்தான். தொழிற்சாலை உபயோகத்துக்கென்று விற்கப்படும் மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருக்கக்கூடும். பார்வைக்கும் ருசிக்கும் வித்தியாசம் தெரியாது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தை இதிலேயே கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் சென்னையில் 1972-ல் குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்திருந்ததால் பதினாலு பேர் இறந்தார்கள். எல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தபோது, 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். அந்த மருந்தில் இந்த விஷம் 48.6 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது.

வேப் திரவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2009-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை சில மின்சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது, ஒன்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இதே விஷம் இருந்தது. ஆகவே வாங்கும்போது மருந்துத் தரம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சரக்கில் ஐ.பி. என்றும், இங்கிலாந்தில் பி.பி. அல்லது ஈ.பி. என்றும், அமெரிக்காவில் யு.எஸ்.பி. என்றும் போட்டிருக்கும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். சோப்புச் செய்யவும் ரேடியேட்டரில் ஊற்றவும் விற்கிற சரக்கு, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நுரையீரலுக்கு ஆகாது.

எசென்ஸைப் பற்றி அந்தத் தாயார், "அது கேக்குக்குப் போடுகிறதுதானே, அதில் என்ன?" என்றார்கள். இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வயிற்றுக்கு நல்லதெல்லாம் நுரையீரலுக்கு நல்லதல்ல. குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருந்ததை அறிவீர்கள். சாப்பிடுகிற எண்ணெய்தான், ஆனால் அது நுரையீரலில் இறங்கி ஒருவித நிமோனியாவை உண்டாக்கும். எண்ணெயில் கரைத்த எசென்ஸை ஆவியாக இழுத்தாலும் அதே அபாயம். 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்; 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் என்றும், இறந்தவர்கள் 68 பேர் என்றும் கணக்கு வந்தது. பெரும்பாலும் கஞ்சாச் சத்துச் சேர்ந்த திரவம். அதில் கலப்படமாகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் முக்கிய காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண வேப் திரவத்தில் அது இருப்பதில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கிற டையாசெட்டிலும் இப்படிப்பட்டதே. 2000-ல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சோளப்பொரித் தொழிற்சாலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டுப் போயின. அவர்கள் செய்த பொரியைத் தின்றவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. பால், வெண்ணெய், கஸ்டர்டு வாசனைகளைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் கலந்த எதையும் சேர்க்கவே கூடாது.

இனி மகனிடம் சொல்லும்படி தாயாரிடம் கேட்டுக்கொண்டவை. பிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டுமானால், பணப்பெட்டி போலப் பூட்டுள்ள ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைக்கட்டும். ஊறவைக்கிற புட்டிகளும் பூட்டுக்குள் இருக்கட்டும். உயரமான அலமாரி என்பது பூட்டு ஆகாது, நாற்காலி இழுத்துப்போடத் தெரியாத பேரன் எங்கே இருக்கிறான்? வலுவான நிகோடினை வாங்கவே வேண்டாம். 10 மில்லிப் புட்டியோடு நிற்கட்டும். சிக்கனம் கொஞ்சம் குறையும், குறைந்தால் குறையட்டும். ஜூஸ் பாட்டில், மருந்துப் புட்டி இவற்றில் ஒருபோதும் மாற்றக்கூடாது. ஒவ்வொரு புட்டியிலும் பெயரும் அளவும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். அளவை வாசிக்கும்போது சதவீதம் எது, மில்லிகிராம் எது என்று பார்க்க வேண்டும்: 5 சதவீதம் என்றால் மில்லிக்கு 50 மில்லிகிராம், அதை 5 மில்லிகிராம் என்று எண்ணிக் கலந்தால் பத்து மடங்கு போய்விடும். தராசில் நிறுத்துக் கலப்பவர், கிளிசரின் 10 மில்லி 12.6 கிராம் எடை என்பதை மறக்கக்கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தை தூங்கிய பிறகு, சமையல் மேடையில் அல்லாமல் வேறு இடத்தில் கலக்கட்டும். உபயோகித்த ஊசிக்குழாயையும் காலிப் புட்டியையும் அன்றைக்கே வெளியே போட வேண்டும். காலிப் புட்டியிலும் சொட்டு மிஞ்சும்.

அப்படியும் பிள்ளை குடித்துவிட்டால்? வாந்தி, வாயில் நீர் வடிதல், முகம் வெளிறுதல், வியர்வை, நாடி வேகமாக ஓடுதல் முதலில் வரும். பிறகு சோர்வு, வலிப்பு, மூச்சுத் தளர்ச்சி. இவை வரும்வரை காத்திருக்கக்கூடாது. வாந்தி எடுக்க வைக்க விரலை விடுவதோ, உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுப்பதோ கூடாது. தோலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவுகிறவர் தன் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 999-க்குக் கூப்பிட வேண்டும். நம் ஊரில் 108. புட்டியைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி எத்தனை மில்லிகிராம் என்பதுதான். நிகோடினுக்கென்று தனி மாற்று மருந்து இல்லை. மூச்சு நிற்காமல் தாங்குவதும் வலிப்பை அடக்குவதும்தான் சிகிச்சை. விஷம் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் குறைந்துவிடும் என்பதால், அதுவரை தாங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

தாயார் எல்லாவற்றையும் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்து, மகனோடு பேசியதாகப் போன் செய்தார்கள். முதலில் கோபித்துக்கொண்டாராம். மறுநாள் அவரே கூப்பிட்டுப் பூட்டுப் பெட்டி வாங்கிவிட்டதாகச் சொன்னாராம். சாவியை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டோம். "பிரிட்ஜ் மேலேதான் மாட்டியிருக்கிறான்" என்றார்கள். அதை அங்கிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.